சூடு தெரியாத கை

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே புகார்களை எப்படிக் கையாள்வது என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கிரீம் போட்டதும் எரிகிறது என்றால் என்னென்ன கேட்க வேண்டும், டியூபில் எண்ணெய் பிரிந்து வருகிறது என்றால் எதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பதெல்லாம் இந்நேரம் உங்களுக்குப் பழகியிருக்கும். நான் சொல்ல வந்தது பாராட்டைப் பற்றி. தர ஆய்வில் வேலை பார்த்த இத்தனை வருடத்தில் என்னைப் பதற வைத்தது ஒரு பாராட்டுதான்.

காஞ்சிபுரம் பக்கத்து ஐயம்பேட்டைக்கு வெளியே இருக்கும் நம் தொழிற்சாலை பெரியது ஒன்றும் இல்லை. வல்லாரை இலையை வாங்கி, சாரம் எடுத்து, அதைக் கிரீமில் சேர்த்து டியூபில் அடைக்கிறோம். வெடித்த தோல், வறண்ட தோல், ஆறிப்போன காயத்தின் தழும்பு, இவற்றுக்குத்தான் அது. தோல் தானாகவே தன்னைச் சரிசெய்துகொள்ளும். வல்லாரை அதற்குக் கொஞ்சம் கை கொடுக்கும். அவ்வளவுதான் நம் கிரீமின் பெருமை. பட்டு இழையில் விரல் தேய்ந்தவர்களும், சாயத் தண்ணீரில் கை ஊறியவர்களும், கோயில் கோயிலாக வெறுங்காலில் நடந்து பாதம் வெடித்தவர்களும் இதை வாங்குகிறார்கள். ஒருமுறை ஒருவர் போன் செய்து, "டியூபத் தொறந்தா எங்க ஊர் ஏரிக்கரையில உக்காந்திருக்கற மாதிரி இருக்குதும்மா, இது கிரீமா சேறா?" என்று சண்டை போட்டார். வல்லாரையின் வாசனையே அதுதான் என்று புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

என் அப்பா திருப்புட்குழியில் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். வாய்க்கால் ஓரம் தான் மிதித்துக்கொண்டு நடந்த செடியைத் தன் மகள் கண்ணாடிக் குடுவையில் போட்டுச் சோதிக்கிறாள் என்று கேள்விப்பட்டபோது, "இந்தக் கீரையப் பாக்கறதுக்கா எஸ்தரு காலேஜுக்குப் போன?" என்று கேட்டு வெகுநேரம் சிரித்தார். சிரித்தாலும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது அவர்தான்.

நான் சொல்லப்போகும் சம்பவம் ஒரு வைகாசியில் நடந்தது. கருட சேவைக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. ஊருக்குள் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சென்னையில் பல கிளைகள் வைத்திருக்கும் கடைக்காரர்கள் அப்போதுதான் நம் கிரீமை எடுத்து விற்க முன்வந்திருந்தார்கள். காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவர் தன் வாயால் கிரீமைப் பற்றிப் பேசும் வீடியோ ஒன்று வேண்டும், அதைக் கடை கடையாக ஓட்டுவோம் என்று கேட்டிருந்தார்கள். வீடியோ எடுத்த மறுநாள் காலையில் அவர்களுடைய ஆள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

விளம்பர வேலைக்குத் திவ்யா அப்போதுதான் சேர்ந்திருந்தாள். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் லேபுக்கு ஓடி வந்து, "மேடம், லட்டு மாதிரி ஒண்ணு மாட்டியிருக்குது, கேளுங்க" என்று ஒரு குரல் பதிவை ஓடவிட்டாள்.

"வணக்கம்மா. நான் தறி நெய்யறவ. உங்க கிரீமு போட ஆரம்பிச்சதுல இருந்து கையில எரிச்சலே இல்லமா. முன்னெல்லாம் சுடுதண்ணி பட்டாலே துடிச்சுப் பூடுவேன். இப்ப அடுப்புல இருந்து பாத்திரத்த வெறுங்கையால எறக்கறேன். எங்க தெருவுல எல்லாருக்கும் சொல்லிக்கினு இருக்கறேன். நீங்க நல்லா இருக்கணும்."

லேபில் இருந்தவர்கள் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். உழைத்ததற்குப் பலன் கிடைத்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

அந்த அம்மாளின் பெயரைக் கோமதி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயரும் தெருவும் வேறு. தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்யும் குடும்பம். கணவரும் மனைவியும் ஆளுக்கொரு தறியில் உட்கார்ந்தார்கள். மகளுக்கு நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். திவ்யா ஆட்டோ அனுப்பி அவரைத் தொழிற்சாலைக்கு வரவழைத்தாள். தானே நெய்த அரக்கு நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தார். வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு வீடியோ எடுத்தார்கள். கூச்சமே இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் பேசி முடித்தார்.

முடிந்ததும் என் அறையில் உட்காரவைத்து டீ கொடுத்தோம். எவர்சில்வர் டம்ளர். கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருந்தார்கள். நான் என் டம்ளரை எடுத்த வேகத்தில் கீழே வைத்துவிட்டு, விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன். கோமதி தன் டம்ளரை இடது கையால் முழுசாகப் பிடித்தபடி மகளின் கல்யாணப் புடவையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பார்டருக்கு என்ன நிறம், உடலுக்கு என்ன நிறம் என்று சொல்லிச் சொல்லி அவர் முகம் மலர்ந்தது. என் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை.

"கோமதிம்மா, டம்ளர் சுடலயா?"

"இல்லியேமா. அதான் சொன்னேனே, உங்க கிரீமு புண்ணியம்."

"கொஞ்சம் கீழ வெச்சுட்டு அந்தக் கையக் காட்டுங்க."

காட்டினார். உள்ளங்கை சிவந்திருந்தது. சுண்டு விரலோரம் பழைய கொப்புளம் ஒன்று உடைந்து காய்ந்திருந்தது.

"இது எப்ப ஆச்சு?"

அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தார். "தெரியலையேமா. எங்கியாச்சும் பட்டிருக்கும்."

"வலது கையால டம்ளரப் புடிங்க பாக்கலாம்."

பிடித்தவர் சட்டென்று விட்டுவிட்டார். "யப்பா, இன்னா சூடு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிரீமை அவர் இரண்டு கைக்கும்தான் போடுகிறார். ஒரு கைக்குச் சூடு தெரிகிறது, இன்னொரு கைக்குத் தெரியவில்லை. இருந்தாலும் முதலில் நம் பொருளைச் சந்தேகிக்க வேண்டும் என்பது நம் வேலையின் தர்மம். அவர் கொண்டுவந்திருந்த டியூபை வாங்கி என் இடது கை முழுக்கத் தடவிக்கொண்டேன். அதே தயாரிப்பிலிருந்து எடுத்துவைத்த மாதிரியையும் சோதிக்கச் சொல்லி ஆள் அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து, புதிதாகக் கொதிக்கும் டீ ஊற்றச் சொல்லி, அந்தக் கையாலேயே டம்ளரைத் தொட்டேன். நன்றாகவே சுட்டது. நம் கிரீமில் மரத்துப்போக வைக்கும் பொருள் எதுவும் கிடையாது என்பது எனக்கு ஏற்கனவே தெரியும். தெரிந்ததை ஒருமுறை தொட்டும் பார்த்துக்கொண்டேன். மாதிரியிலும் பின்னால் குறை எதுவும் தெரியவில்லை.

"கையில வேற எங்கியாச்சும் தேமல் மாதிரி இருக்குதா?" என்று கேட்டேன்.

முழங்கைக்குக் கீழே புடவைத் தலைப்பால் மறைத்திருந்த இடத்தைத் தயங்கித் தயங்கிக் காட்டினார். வெளுத்த திட்டு ஒன்று. "இதுக்குத்தாம்மா மொதல்ல கிரீமு வாங்கனேன். கல்யாணத்துக்குள்ள நெறம் வந்துட்டா பரவால்லனு. அரிப்பு இல்ல, வலி இல்ல. மருந்து கேக்குதுனு விட்டுட்டேன்."

அரசு ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு வாசகம் எழுதியிருப்பார்கள். உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயாக இருக்கலாம் என்று. பஸ்ஸுக்காக நிற்கும்போது நாம் எல்லோரும் அதைப் படித்திருக்கிறோம். தனக்காக எழுதியது என்று நினைத்து யாரும் படித்திருக்க மாட்டோம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். நாம் டாக்டர் இல்லை. என் மனதில் ஓடிய பெயரை நான் வாயால் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. அது தவறாக இருந்தால் ஒரு குடும்பத்தை வீணாகக் கலங்கடித்தவள் ஆவேன். சரியாக இருந்தாலும் அதைச் சொல்ல வேண்டியவர் நான் இல்லை. ஆனால் சும்மா அனுப்பிவிடவும் முடியாது.

"இந்தக் கைக்கு உணர்ச்சி கொறஞ்சிருக்குது. அது எங்க கிரீமால வந்த நல்லது இல்லம்மா. தோல் டாக்டர ஒருதடவ பாத்துடுங்க. தேமல்ல இனிமே கிரீம் தடவாதீங்க" என்றேன்.

அவர் முகம் மாறியது. "நல்லா இருக்குதுனு சொல்ல வந்தவள நோயாளியாக்கி அனுப்பறீங்களே. இன்னாமா இது?" என்று எழுந்தார். ஆட்டோ வருவதற்குள் நடந்தே கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

நான் நேராகச் சாரின் அறைக்குப் போனேன். அவரை நாங்கள் எல்லோரும் சார் என்றே கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். மருந்துக் கடை வைத்திருந்தவர், பிறகு இந்தத் தொழிற்சாலையை ஆரம்பித்தார். முன்கோபி. எங்களிடம் கத்துவார், மத்தியானம் சாப்பிட்டாயா என்றும் கேட்பார். அன்று திவ்யா ஏற்கனவே அவர் எதிரில் உட்கார்ந்து வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

நடந்ததைச் சொன்னேன். அந்த வீடியோவைக் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னேன்.

சிரிப்பு நின்றது. "எஸ்தரம்மா, அவங்க டாக்டர்கிட்ட போவட்டும். வேணும்னா நம்ம செலவுல கூட அனுப்பலாம். அது வேற, இது வேற. நாளைக்குக் காலைல ஆளு வரான். நான் எதக் காட்டறது?"

"சார், சூடு தெரியலனு அவங்க சொல்றத எல்லாக் கடையிலயும் போடப் போறோம். இதே மாதிரி கை இருக்கற இன்னொருத்தங்க அதப் பாத்தா என்ன நெனப்பாங்க? நமக்கும் கிரீம் வேலை செய்யுதுனு வீட்லயே இருந்துடுவாங்க."

"நீங்க நெனைக்கறது தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா ரொம்ப சந்தோஷம் சார். அப்பவும் சூடு தெரியாம இருக்கறத நாம பெருமையா சொல்ல முடியாது. அந்தக் கிரீம்ல அப்படி ஒரு குணமே இல்ல."

அவர் மேசையைத் தட்டி, வேறு நெசவாளர் யாரும் கிடைக்கவில்லையா என்று கத்தினார். திவ்யா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவர் அவளிடம் வீடியோவை மறுபடி ஓடவிடச் சொன்னார். கோமதி சிரித்துக்கொண்டே, "வெறுங்கையால எறக்கறேன்" என்று சொல்லும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். அந்தச் சிரித்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மருந்துக் கடையில இருந்தப்ப ஒருத்தர் செருப்பு கழண்டது தெரியாம நடந்து வந்தாரு," என்றார் மெதுவாக. "கால்ல முள்ளு. அவருக்குத் தெரியல. நான் பிளாஸ்திரி குடுத்து அனுப்பிட்டேன். அப்புறம் அவரு வரவே இல்ல." போனை எடுத்தார். சென்னைக்காரர்களிடம் வீடியோ இல்லை என்றார். ஏன் என்று கேட்டிருப்பார்கள்போல. "எங்க சரக்கப் பத்தித் தப்பான நம்பிக்கை வந்துடும், அதான்" என்று மட்டும் சொன்னார். கோமதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த ஆர்டர் போனது போனதுதான். பிறகு வேறு வழியில் திரும்பி வந்தது என்றெல்லாம் உங்களிடம் கதை சொல்ல மாட்டேன். வரவில்லை. அந்த வருடம் நாங்கள் எல்லோரும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துத்தான் ஓட்டினோம். அதற்காக அவர் என்னிடம் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பேறு என்று இதைத்தான் சொல்வேன். சரியானதைச் சொல்லும் தைரியம் எனக்கு இருந்தது என்று நீங்கள் நினைக்கலாம். கேட்கும் காது எதிரில் இருந்ததால்தான் அந்தத் தைரியம் வந்தது.

மறுநாள் கோமதிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. திவ்யா செய்தாள். எடுக்கவில்லை. அடுத்த நாள் அவர் வீட்டுக்கே போனேன். திவ்யாவும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். கம்பெனியிலிருந்து கூட்டமாக வந்திருக்கிறார்கள் என்று தெரு பார்க்கக் கூடாது.

கதவைத் திறந்தவர் கோமதியின் கணவர். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. நிலைப்படியில் குறுக்கே நின்றுகொண்டார். "கல்யாணம் வெச்சிருக்கற வீடும்மா. டாக்டரு, ஆஸ்பத்திரினு தெருவுல பேச்சு வந்தா சம்பந்தி வீட்ல இன்னா நெனப்பாங்க? உங்களுக்கு இன்னா, சொல்லிட்டுப் பூடுவீங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. வாசலிலேயே நிற்கவைப்பது என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் எதற்குப் பயந்தார் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது. தன் மனைவியை எல்லோரும் அப்படி வாசலில் நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தார்.

உள்ளே கோமதி தறியில் இருப்பது தெரிந்தது. எனக்கு அப்போது எப்படி அந்தக் கேள்வி தோன்றியது என்று தெரியவில்லை. "அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, போயிடறேன். பாவுல இழை அறுந்தா எப்படிக் கண்டுபுடிப்பீங்க?"

அவர் என்னைப் பைத்தியம்போல் பார்த்தார். "கைய ஓட்டனா விரல்லயே தெரியும். சின்ன வயசுல இருந்து அப்படித்தான்."

"அவங்களுக்கு இப்ப தெரியுதா?"

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். கோமதி தறியை நிறுத்திவிட்டு, நீளவாக்கில் கட்டிய பாவின் மேல் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய், கண்ணால் ஒவ்வொரு இழையாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நாளா பொடவைல பழுது விழுது," என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது. "கல்யாண நெனப்புல கவனம் இல்லாம நெய்யறானு நெனச்சேன். திட்டிக்கினே இருந்தேன். அவ ஒண்ணும் சொல்லல."

"எனக்கே தெரியலைங்க," என்றார் கோமதி உள்ளிருந்து. "கண்ணுதான் மங்கிப் போச்சுன்னு நெனச்சேன்."

கணவர் நிலைப்படியிலிருந்து விலகினார். என்னை உள்ளே வரச் சொன்னார். நாற்காலி எடுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். பிறகு மனைவியிடம் போய், "எழுந்திரு கோமு. பொடவை அப்படியே கெடக்கட்டும்" என்றார்.

அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு டாக்டர் இளம் பெண். கோமதியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பஞ்சைத் திரித்து அங்கங்கே தொட்டார். தொடும் இடத்தை விரலால் காட்டச் சொன்னார். தோளில் தொட்டபோது காட்டினார். வலது கையில் தொட்டபோது காட்டினார். தேமலில் தொட்டபோது கோமதி கண்ணை மூடியபடி அமைதியாக உட்கார்ந்திருந்தார். டாக்டர் மறுபடி தொட்டார். "இன்னும் ஆரம்பிக்கலியாமா?" என்று கேட்டார் கோமதி. கணவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மற்றப் பரிசோதனைகளையும் முடித்த பிறகு டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். கோமதி அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து கணவரிடமிருந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார். அதைப் பார்த்து டாக்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து, மரத்துப்போன அந்தக் கையைத் தன் இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டார்.

"இதுக்கு மருந்து இருக்குது. இலவசமாவே தருவோம். மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சுட்டா உங்ககிட்ட இருந்து யாருக்கும் ஒட்டாது. ஒரே வீட்ல இருக்கலாம், சமைக்கலாம், தறி நெய்யலாம். நடுவுல நிறுத்தாம சாப்பிடணும், அவ்வளவுதான். இந்தக் கைய மட்டும் கண்ணால பாத்துப் பாத்துக் காப்பாத்திக்கணும். வீட்ல இருக்கறவங்களையும் ஒருதடவ பாத்துடுவோம்."

"என் பொண்ணு கல்யாணம்?"

"நீங்கதான் நடத்தப் போறீங்க."

அப்போதுதான் கோமதி அழுதார். அழுது முடித்துவிட்டு என்னைக் காட்டி, "இவங்க கம்பெனி கிரீமால வந்துச்சா டாக்டர்?" என்று கேட்டார்.

நான் டாக்டரின் முகத்தையே பார்த்தேன்.

"கிரீமால வரல. அதப் போட்டுக்கினு நிம்மதியா இருந்துட்டதால இங்க வர லேட் ஆயிடுச்சு. இன்னும் தள்ளிப் போயிருந்தா விரல் மடங்கிப் போயிருக்கும்."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். செவிலிமேட்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து வீடு வரும்வரை அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டிருந்தேன். கெடுதல் செய்யாத பொருளைத்தான் நாம் செய்கிறோம். ஆனால் கெடுதல் செய்யாத பொருளும் ஒருவரை வீட்டிலேயே உட்காரவைத்துவிடும்.

சாரிடம் சொன்னேன். ஆளின் நோயைச் சொல்லவில்லை. கிரீமை நம்பி இருந்துவிட்டதால் வரத் தாமதமானது என்று டாக்டர் சொன்னதை மட்டும் சொன்னேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. "அப்ப டியூப்லயே எழுதிடலாம். இன்னா எழுதறது?" என்றார். நானும் திவ்யாவும் அதற்காக எவ்வளவு சண்டை போட்டோம் தெரியுமா? நான் சுவர் வாசகத்தையே போடலாம் என்றேன். திவ்யா ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தப் பேரப் பாத்தா பயந்துக்கினு டியூபயே தூக்கிப் போட்டுடுவாங்க மேடம். டாக்டர்கிட்டயும் போவ மாட்டாங்க. தொட்டா தெரியலனு எழுதுங்க. அதத்தானே அவங்களே செஞ்சு பாக்க முடியும்?" அவள் சொன்னதுதான் சரி. இப்போது உங்கள் கையில் இருக்கும் ஒவ்வொரு டியூபிலும் இருக்கும் வாசகம் அவள் எழுதியது: 'தொட்டாலோ சுட்டாலோ தெரியாத தோலில் இதைத் தடவ வேண்டாம். முதலில் டாக்டரைப் பாருங்கள்.' அது இல்லாத பழைய டியூப்களைச் சார் மொத்தமாகக் கழித்துக்கட்டச் சொன்னார்.

திவ்யா இன்னொன்றும் செய்தாள். கோமதியின் வீடியோவைத் தன் போனிலிருந்தும், ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்தும், வெட்டி ஒட்டக் கொடுத்த கடையிலிருந்தும் தேடித் தேடி அழித்தாள். அழித்த பிறகு கோமதிக்குப் போன் செய்து அதைச் சொன்னாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. விளம்பரம் செய்பவர்களைப் பற்றி லேபில் இருக்கும் நாம் சில சமயம் ஏளனமாகப் பேசுவோம். அன்றிலிருந்து நான் பேசியதில்லை.

கோமதியின் மகள் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று அந்தக் குடும்பம் தவித்தது எனக்குத் தெரியும். கடைசியில் அந்தப் பெண்ணே தன் வருங்கால மாமியாரிடம் நேரில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள், "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாங்களா?" என்று மட்டும் கேட்டாராம். இதைக் கோமதி என்னிடம் சொன்னபோது நாங்கள் இருவரும் சிரித்தோம், அழுதோம். கல்யாணத்தில் என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, சாப்பிடும்போது கோமதியே வந்து பரிமாறினார்.

முழுச் சிகிச்சையும் முடிந்தது. சில விரல்களில் உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை. திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அறுந்த இழையைத் தேட வலது கையைப் பழக்கிக்கொண்டார். அடுப்புப் பக்கம் போனால் துணி இல்லாமல் பாத்திரத்தைத் தொடுவதில்லை. விரல் மடங்கவில்லை. நெசவு நிற்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்னால் ஒரு போன் வந்தது. திவ்யாதான் எடுத்தாள். வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு பெண். டியூபில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தன் காலில் ஊசியால் குத்திப் பார்த்திருக்கிறாள். தெரியவில்லையாம். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், போகவே மாட்டேன், புருஷன் வீட்டில் துரத்திவிடுவார்கள் என்று அழுகிறாள். திவ்யா எவ்வளவோ பொறுமையாகப் பேசினாள். நானும் வாங்கிப் பேசினேன். அழுகை நிற்கவில்லை. கம்பெனிக்காரர்கள் நல்லதைத்தான் சொல்வார்கள் என்று அவள் ஏன் நம்ப வேண்டும்?

திவ்யா என்னைப் பார்த்தாள். நான் கோமதிக்குப் போன் செய்தேன். பேசியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, முடியாது என்றால் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன் என்றேன்.

"குடுங்கக்கா, நான் பேசறேன்" என்றார்.

திவ்யா இரண்டு அழைப்பையும் சேர்த்துவிட்டாள். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"எம்மா, அழுவாத. எனக்கும் இருந்துச்சு. எனக்குக் கையில. பேரு கேட்டவொடனே எங்கூட்டுக்காரரு பக்கத்துல கூட உக்காராம தள்ளிப் போயி உக்காந்தேன் நானு. மாத்திரை சாப்ட்டேன், முடிஞ்சுது. பொண்ணக் கட்டிக் குடுத்துட்டேன். இப்ப பேரன தூக்கி வெச்சிக்கினுதான் உங்கிட்ட பேசறேன். இழுக்கறான் பாரு போன. டேய், இரு... உங்க ஊர்ல ஆஸ்பத்திரி எங்க இருக்குது? சரி. காலைல போறியா? துணைக்கு யாராச்சும் இருக்கறாங்களா? இல்லன்னா சொல்லு, பஸ் புடிச்சு நானே வரேன்."

அந்தப் பெண் என்ன சொன்னாள் என்பது எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அழுகை மட்டும் குறைந்திருந்தது. அவளுக்குக் கோமதி தன் நம்பரைச் சொன்னார். ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

மறுநாள் மத்தியானம்வரை நாங்கள் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு எந்த அழைப்பும் வரவில்லை. அவள் ஆஸ்பத்திரி வாசலில் இருந்து கோமதிக்குத்தான் பேசியிருந்தாள்.